கப்பல் ஏறும் நாளில் ஸ்டோன்ஹெஞ்ச் பார்த்துவிட முடியுமா?

மார்ச் 3, மாலை 6.10 (கேள்வி)

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் காலை 7 மணிக்கு இறங்குகிறோம். அன்றே மாலை 5 மணிக்கு சவுத்தாம்ப்டனில் கப்பல் கிளம்புகிறது. நடுவில் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் நிறுத்திக் காட்டிவிட்டுக் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார் கார் ஏற்பாடு செய்பவர். நாங்கள் நான்கு பேர். அம்மாவுக்கு 74 வயது, அதிகம் நடக்க முடியாது. பயணம் முடிந்து திரும்பும்போதும் சவுத்தாம்ப்டனில்தான் இறங்குகிறோம், அன்று இரவு 8.30க்கு விமானம். வெறும் கல்தானே, ஒரு மணி நேரம் போதாதா?

மார்ச் 3, இரவு 9.45

போதாது. கப்பல் ஏறும் நாளில் வேண்டவும் வேண்டாம். திரும்பும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று இடங்களையும் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள், முக்கோணமாக வரும். ஹீத்ரோவிலிருந்து சவுத்தாம்ப்டனுக்கு எம்3 நெடுஞ்சாலையில் சுமார் 105 கிலோமீட்டர். ஸ்டோன்ஹெஞ்ச் அந்த வழியில் இல்லை, மேற்கே ஒதுங்கி சாலிஸ்பரி சமவெளியில் இருக்கிறது. ஹீத்ரோவிலிருந்து அங்கே சுமார் 115 கிலோமீட்டர், அங்கிருந்து துறைமுகத்துக்கு இன்னும் 50க்கு மேல். "போகிற வழியில்தான்" என்று கார்க்காரர்கள் சொல்வது இந்தக் கூடுதல் ஒரு மணி நேர ஓட்டத்தைச் சேர்க்காமல்.

காலை 7க்கு இறங்கினால் குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிந்து வண்டியில் உட்கார 8.30 ஆகும். 10.30க்குள் அங்கே. இரண்டு மணி நேரம் பார்த்தால் 12.30. சவுத்தாம்ப்டன் 1.45. கணக்குக்குச் சரியாகத்தான் வரும். ஆனால் விமானம் முக்கால் மணி நேரம் தாமதம், குடிநுழைவில் நீண்ட வரிசை, லண்டனைச் சுற்றும் எம்25 சாலையில் ஒரு விபத்து, இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்து வந்தாலே போதும், கணக்கு உடையும். 5 மணிக்குக் கிளம்பும் கப்பலில் 5 மணிக்கு ஏற முடியாது. பதிவு அதற்கு வெகு முன்பே மூடிவிடும். உங்கள் பயணச்சீட்டில் போட்டிருக்கும் நேரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மார்ச் 4, காலை 7.20

நேற்று எழுதியதற்குப் பின்னால் ஒரு அனுபவம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கப்பல் ஏறும் நாளில் போனவர்கள். கோடைகாலம், வெள்ளிக்கிழமை. ஸ்டோன்ஹெஞ்ச் பக்கம் போகும் ஏ303, ஏம்ஸ்பரி ஊர் வரைக்கும் இரட்டைச் சாலை, நன்றாக ஓடியது. கவுன்டஸ் ரவுண்டானாவைத் தாண்டியதும் போக ஒரு தடம், வர ஒரு தடம். டெவன், கார்ன்வால் பக்கம் விடுமுறைக்குப் போகிற வண்டிகள் எல்லாம் அந்த ஒற்றைத் தடத்தில்தான் நுழைய வேண்டும். கற்கள் வலது பக்கம் ஜன்னலிலேயே தெரிகின்றன. ஊர்ந்து போகும் ஒவ்வொரு வண்டியும் கல்லைப் பார்ப்பதற்காக இன்னும் கொஞ்சம் வேகத்தைக் குறைக்கிறது. என் மனைவி கப்பல் நிறுவனத்தின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். உள்ளே போய் நின்றபோதும் ஓட்டுநர் சொன்ன நேரம்தான் மண்டைக்குள் ஓடியது. 4,500 வருடம் பழமையான ஒன்றின் முன்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை. அதை இன்னொரு குடும்பம் அனுபவிக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்த நெரிசலைப் போக்க கற்களுக்கு அருகே சுமார் 3 கிலோமீட்டருக்குச் சுரங்கப்பாதை தோண்டும் திட்டம் பல வருடம் இழுத்தது. 2024 ஜூலையில் அரசு அதைக் கைவிட்டது. ஆகவே அந்த ஒற்றைத் தடம் இப்போதைக்கு அப்படியேதான் இருக்கும்.

மார்ச் 4, காலை 7.50

திரும்பும் நாளில் ஏன் சுலபம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சவுத்தாம்ப்டனிலிருந்து வரும்போது ஏ36இல் சாலிஸ்பரி, பிறகு ஏ360 பிடித்து வடக்கே போனால் பார்வையாளர் மையத்தின் வாசல். அந்த நெரிசலில் நீங்கள் மாட்டுவதே இல்லை. பார்த்து முடித்து ஹீத்ரோவுக்குக் கிளம்பும்போது மட்டும் அதே ஒற்றைத் தடத்தில் கிழக்கு நோக்கி ஒரு சிறு தூரம். நண்பகலில் அந்தத் திசை பெரும்பாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். விடுமுறை முடிந்து லண்டன் பக்கம் திரும்புகிற ஞாயிறு பிற்பகலுக்குத்தான் பயப்பட வேண்டும்.

பெரிய கப்பல்கள் விடியற்காலையிலேயே துறைக்கு வந்துவிடும். 8.30க்கு வெளியே வந்தீர்களானால் 9.45க்குக் கற்கள் பக்கம். அங்கே மூன்று மணி நேரம் இருந்தாலும் மாலை 3 மணிக்குள் ஹீத்ரோ. இரவு 8.30 விமானத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

மார்ச் 4, இரவு 10.30

"வெறும் கல்தானே" என்று கேட்டிருந்தீர்கள். நாள் முழுக்க அதே நினைவாக இருந்தது. கோபமில்லை, பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள், படம் பிடித்துக்கொண்டு அப்படியே நினைத்துத் திரும்புகிறார்கள். என்ன பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் காலம். வெளியே வட்டமாக ஒரு பள்ளமும் கரையும் தெரியும், யாரும் திரும்பிப் பார்க்காது கடந்து போவார்கள். அதுதான் மூத்தது, கி.மு. 3000 வாக்கில் தோண்டியது. பெரிய கற்களை நட்டது அதற்கு 500 வருடம் கழித்து, கி.மு. 2500 வாக்கில். இடைப்பட்ட காலத்தில் அங்கே எரித்த மனித எலும்புகளைப் புதைத்திருக்கிறார்கள். பல தலைமுறைகள் வந்துபோன இடம் அது.

அடுத்து, கற்கள் எங்கிருந்து வந்தன என்பது. பெரியவற்றுக்கு சார்சன் என்று பெயர், ஒவ்வொன்றும் சராசரியாக 25 டன். வடக்கே 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வெஸ்ட் வுட்ஸ் காட்டிலிருந்து வந்தவை என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். உள்ளே இருக்கும் சிறிய நீலக்கற்கள் வேல்ஸ் நாட்டின் பிரசெலி மலையிலிருந்து, 200 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் விழுந்து கிடக்கிறதே பலிபீடக்கல் என்று பெயர் வைத்த 6 டன் கல், அது ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையிலிருந்து வந்தது என்று 2024இல் ஆய்வு வெளியானது. சுமார் 750 கிலோமீட்டர்! சக்கர வண்டி அந்தத் தீவுக்கே வந்திராத காலத்தில். அதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உயரமான கல் ஒன்று தனியாக நிற்கும், எண் 56, தரைக்கு மேல் ஏறத்தாழ 7 மீட்டர். அதன் உச்சியில் ஒரு முண்டு துருத்திக்கொண்டிருப்பதைப் பாருங்கள். மேலே குறுக்காகக் கிடத்திய கல்லின் அடியில் குழி வெட்டி, இந்த முண்டில் பொருத்தியிருந்தார்கள். கதவு நிலை செய்யும் தச்சர் போடுகிற அதே பொருத்து. குறுக்குக் கல் விழுந்துவிட்டதால்தான் நமக்கு அது தெரிகிறது. வெளிவட்டத்தின் குறுக்குக் கற்களைப் பக்கத்துக் கல்லோடும் கோத்திருக்கிறார்கள், வட்டத்துக்கு ஏற்ப லேசாக வளைத்தும் இருக்கிறார்கள். தரை சரிவானது, ஆனால் மேல்மட்டம் சமமாக வரும்படி செய்திருக்கிறார்கள். உலோகக் கருவி கிடையாது, கல்லைக் கல்லால் அடித்துச் செய்த வேலை.

இப்போது சொல்லுங்கள், ஒரு மணி நேரம் போதுமா?

மார்ச் 5, காலை 6.55

இடத்தில் நேரம் எப்படிப் போகும் என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள்.

2013 டிசம்பரில் திறந்த பார்வையாளர் மையம் கற்களிலிருந்து 2 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. முன்பு ஏ344 சாலை கல்வட்டத்தை உரசிக்கொண்டு போனது, அதை மூடிப் புல் வளர்த்துவிட்டார்கள். மையத்திலிருந்து கற்களுக்கு இடைவிடாமல் பேருந்து போய்வரும், கட்டணம் நுழைவுச்சீட்டிலேயே அடக்கம். நுழைவுச்சீட்டில் போட்டிருக்கும் நேரம் மையத்தில் நுழைவதற்கானது.

நேராகக் கற்களுக்குப் போங்கள். அருங்காட்சியகமும் வெளியே கட்டியிருக்கும் புதிய கற்காலக் குடிசைகளும் திரும்பி வந்து பார்க்கலாம், மழை பெய்தால் ஒதுங்கவும் ஆகும். கற்களைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும், 1970களின் இறுதியிலிருந்து சாதாரணப் பார்வையாளர்கள் வட்டத்துக்குள் போக முடியாது. எதிர்ப்பார்த்துப் போய் ஏமாறாதீர்கள். வழியோடு ஒரு முழுச் சுற்று வாருங்கள், பாதியில் திரும்பாதீர்கள். வடகிழக்கில் தனியாகச் சாய்ந்து நிற்கும் ஹீல் ஸ்டோன் பக்கம் நின்று வட்டத்தின் மையத்தை நோக்கிப் பாருங்கள். கோடையின் நீண்ட பகலில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் உதிக்கும், குளிர்காலத்தின் குறுகிய பகலில் நேரெதிரே மறையும். முழு அமைப்பும் அந்தக் கோட்டில்தான் நிற்கிறது.

நடக்க முடிந்தவர்கள் திரும்பும்போதோ போகும்போதோ ஃபார்கோ தோப்பு வழியாக நடந்து பாருங்கள். கர்சஸ் என்று ஒரு நீண்ட மண்கரை, ஏறத்தாழ 3 கிலோமீட்டர், கற்களைவிடப் பல நூறு வருடம் மூத்தது. ரோமானியர்களின் பந்தயத்திடல் என்று நினைத்து 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஸ்டக்லி வைத்த பெயர். ரோமானியர் வருவதற்கு 3,000 வருடத்துக்கும் முந்தையது அது. புல்வெளியில் மேடுபள்ளமாகத்தான் தெரியும். ஆனால் அங்கே நின்று பார்த்தால் சுற்றிலும் புதைமேடுகள், அடிவானத்தில் கற்கள். பேருந்தில் போனவர்களுக்கு இந்தக் காட்சி கிடைப்பதில்லை.

மார்ச் 5, காலை 7.05

காற்று! எழுத மறந்தது இதுதான். கற்களைச் சுற்றி ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஜூலையிலும் அம்மாவுக்குத் தலைக்கும் காதுக்கும் மூடிக்கொள்ள ஏதாவது வேண்டும். பெட்டிகள் வண்டிக்குள் போய்விடும் முன் அதைக் கைப்பைக்கு மாற்றுங்கள்.

மார்ச் 6, இரவு 9.15

இடையில் ஒரு நண்பர், "அதெல்லாம் 1950களில் கான்கிரீட் போட்டு நிமிர்த்தியது, பழைய சின்னமே இல்லை" என்று எழுதியிருக்கிறார். இது இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் பேச்சு, முழுவதும் சரியில்லை.

நிமிர்த்தியது உண்மை. 56ஆம் கல் அபாயமாகச் சாய்ந்திருந்தது, 1901இல் வில்லியம் கௌலண்ட் மேற்பார்வையில் நேராக்கினார்கள். 1797இல் மூன்று கற்கள் கொண்ட ஒரு வாயிலமைப்பு விழுந்துவிட்டது, அதை 1958இல் எடுத்து நிறுத்தினார்கள். பல கற்களுக்கு அடியில் கான்கிரீட் இருக்கிறது. ஆனால் கற்கள் அதே கற்கள், நின்ற குழிகளும் தெரிந்தவை, விழுவதற்கு முந்தைய ஓவியங்களும் இருக்கின்றன. நிமிர்த்தியவையும் அவற்றின் பழைய இடத்தில்தான் நிற்கின்றன.

அந்த 1958 வேலையிலிருந்து ஒரு அருமையான கதை வருகிறது. விரிசல் விட்டிருந்த 58ஆம் கல்லை உறுதிப்படுத்தத் துளை போட்டபோது வந்த கல் உருளை ஒன்றை, வேலையில் இருந்த ராபர்ட் ஃபிலிப்ஸ் என்பவர் தன்னோடு வைத்துக்கொண்டார். பிறகு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார், உருளையும் கூடவே போனது. 2018இல், 90 வயதை நெருங்கும்போது, திருப்பித் தர வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. கல்லைச் சேதப்படுத்தாமல் உள்பகுதியை ஆராய அந்த உருளைதான் வழிசெய்தது. மேலே வெஸ்ட் வுட்ஸ் என்று எழுதினேனே, அது அப்படித் தெரியவந்ததுதான். பழுதுபார்த்ததால் சின்னம் கெட்டது என்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கூடவே, ட்ரூயிட் பூசாரிகள் கட்டியது என்று கார்க்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். அவர்களைப் பற்றிய குறிப்புகள் கிடைப்பதே கல் நட்டு 2,000 வருடத்துக்கும் பிறகு.

மார்ச் 7, மாலை 5.30

சீட்டு விலை அதிகம் என்று ஒருவர். அதிகம்தான், நான்கு பேர் என்றால் கையைக் கடிக்கும். முன்பதிவு செய்தால் வாசலில் வாங்குவதைவிடக் குறையும், கோடையில் வாசலில் இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகவும் முடியாது. கடைசி நுழைவு மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு.

ஒரு பைசா கொடுக்காமலும் பார்க்கலாம். சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குச் சொந்தம், நடப்பவர்களுக்குத் திறந்தது. பொதுவழி ஒன்று கற்களுக்கு வெகு அருகே போகிறது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நன்றாகவே பார்க்கலாம். ஆனால் கப்பலுக்கும் விமானத்துக்கும் நடுவே பெட்டிகளோடு போகிறவர்களுக்கு அது சரிப்படாது. வண்டியை எங்கே விடுவது என்பதிலேயே நேரம் போய்விடும்.

1915இல் இந்தச் சின்னம் ஏலத்துக்கு வந்தது தெரியுமா? சாலிஸ்பரி பக்கத்துக்காரரான சிசில் சப் 6,600 பவுண்டுக்கு வாங்கினார். மூன்று வருடம் கழித்து நாட்டுக்கே கொடுத்துவிட்டார். சுற்றுவட்டாரத்து மக்கள் கட்டணமில்லாமல் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு, அது இன்றும் நடப்பில் இருக்கிறது. அந்த மனிதரை நினைத்துக்கொண்டால் சீட்டு விலை கொஞ்சம் குறைவாகத் தெரியும்.

மார்ச் 8, இரவு 11.00

முதல் நாள் "வேண்டவும் வேண்டாம்" என்று எழுதியதற்கு ஒரு விதிவிலக்கு சேர்க்க வேண்டும். முந்தைய நாளே வந்திறங்குபவர்களுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. அவர்களுக்கு என் யோசனை, லண்டனில் தங்காமல் சாலிஸ்பரியில் இரவு தங்குவது. மறுநாள் முதல் நேரத்துக்கே கற்கள், திரும்பி வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் சவுத்தாம்ப்டன். பதற்றமே கிடையாது.

சாலிஸ்பரி ஊரே ஒரு நாள் கேட்கும். பேராலயத்தின் கோபுரம் 123 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமானது. 1220இல் தொடங்கி முக்கியக் கட்டடத்தை 38 வருடத்தில் முடித்திருக்கிறார்கள். மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா சாசனத்தின் எஞ்சியிருக்கும் நான்கு பிரதிகளில் ஒன்று இங்கே. பேராலயத்துக்கு எதிரே இருக்கும் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். 2002இல் ஏம்ஸ்பரி அருகே தோண்டியெடுத்த வில்லாளி எலும்புக்கூடாக அங்கே இருக்கிறார், கற்கள் நட்ட காலத்தை ஒட்டி வாழ்ந்தவர். பல்லை ஆராய்ந்ததில் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் வளர்ந்தவர் என்று தெரிந்திருக்கிறது. கற்களைப் பார்த்துவிட்டு ஒரு மனிதரைப் பார்ப்பது வேறு மாதிரியான அனுபவம். நான் அவர் முன்னால் வெகு நேரம் நின்றேன்.

மார்ச் 9, காலை 8.10

வட்டத்துக்குள்ளே போக வழியே இல்லையா என்று கேட்டவருக்கு: உண்டு. பொதுநேரத்துக்கு முன்பு அதிகாலையிலும், மூடிய பிறகு மாலையிலும் சிறு குழுக்களை ஒரு மணி நேரம் உள்ளே விடுகிறார்கள். சின்னத்தை நிர்வகிக்கும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் இணையதளத்தில் வெகு முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும், விலையும் கூடுதல். தொடக் கூடாது, கல்மேல் படர்ந்திருக்கும் பாசியினங்கள் அரியவை. 53ஆம் கல்லில் குத்துவாளும் கோடரிகளும் செதுக்கியிருப்பதை 1953இல்தான் கவனித்தார்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் அது கண்ணுக்குப் பிடிபடும். சாலிஸ்பரியில் தங்குபவர்களுக்கு இது ஒத்துவரும். கப்பலிலிருந்து அன்று காலை இறங்குபவர்களுக்கு ஒத்துவராது.

மார்ச் 11, இரவு 9.40

ரயிலில் முடியுமா என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். சவுத்தாம்ப்டன் சென்ட்ரலிலிருந்து சாலிஸ்பரிக்கு அரை மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும், நிலைய வாசலிலிருந்தே ஸ்டோன்ஹெஞ்சுக்குச் சுற்றுலாப் பேருந்து உண்டு. பிறகு சாலிஸ்பரியிலிருந்து வோக்கிங் வரை ரயில், அங்கிருந்து ஹீத்ரோவுக்குப் பேருந்து. தனியாள், முதுகில் ஒரு பை என்றால் நானே இதைத்தான் செய்வேன். நான்கு பேர், கப்பலுக்கென்று அடைத்த பெட்டிகள், 74 வயது அம்மா என்றால் இந்த வழி வேண்டாம்.

கப்பல் நிறுவனங்களே இறங்கும் நாளில் ஸ்டோன்ஹெஞ்ச் காட்டிவிட்டு ஹீத்ரோவில் விடும் பேருந்துப் பயணம் விற்பதுண்டு. அதைப் பதிவு செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இடத்தில் எவ்வளவு நேரம் தருவீர்கள்? அந்த நேரத்திலிருந்து மையத்தில் வரிசை, பேருந்து போகவர எல்லாம் கழியும். ஒன்றரை மணி நேரம் என்றால் கல்லுக்கு முன்னால் நிற்க முக்கால் மணி நேரம் மிஞ்சினால் பெரிது. நான்கு பேருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூட்டிப் பார்த்தால் தனிக் கார் அநேகமாக அருகில்தான் வரும், காத்திருப்புக் கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மார்ச் 12, காலை 7.00

தனிமடலில் வந்த கேள்வி, பலருக்கும் உதவும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குப் பிரிட்டன் விசா வேண்டாம், ஆனால் இப்போது கிளம்பும் முன்பே இணையத்தில் ஈடிஏ அனுமதி வாங்க வேண்டும், குழந்தைகளுக்கும் சேர்த்து. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா. நீங்கள் கப்பலில் வெளியே போய்த் திரும்பவும் உள்ளே வருகிறீர்கள், ஆகவே பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்று பாருங்கள். கப்பல் பிரான்ஸ், ஸ்பெயின், நார்வே துறைமுகங்களில் நின்றால் அந்த நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் வேண்டும், ஏறும் இடத்திலேயே கேட்பார்கள்.

மார்ச் 13, இரவு 10.20

ஜூன் 20, 21 தேதிகளில் கப்பல் என்று ஒருவர் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். கவனம். அந்த இரவு வட்டத்துக்குள் கட்டணமில்லாமல் எல்லோரையும் விடுகிறார்கள், ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். வழக்கமான பார்வை நேரம் மாறும், சாலைகள் நெரியும். சூரிய உதயத்துக்காகவே வருபவர்களுக்குப் பொன்னான நாள். விமானம் பிடிக்க வேண்டியவர்கள் அன்று நேராக எம்3இல் போய்விடுவது நல்லது.

மார்ச் 14, காலை 6.40

கப்பல் ஏறும் நாளில் அப்போது என்னதான் செய்வது என்று மறுபடி கேட்கிறீர்கள். நேராக சவுத்தாம்ப்டன் போங்கள். 11 மணிக்கே வந்துவிட்டால் பெட்டியை ஒப்படைக்கும் வரை ஓட்டுநரை நிறுத்திவைத்து, பழைய ஊர்ச்சுவரைச் சுற்றி வரலாம். இடைக்காலச் சுவரும் வாயில்களும் நீளமாக இன்னும் நிற்கின்றன. 1620இல் அமெரிக்காவுக்குக் குடியேறிகளை ஏற்றிப்போன மேஃபிளவர் கப்பல் முதலில் கிளம்பியது இந்த ஊரிலிருந்து. டைட்டானிக் 1912 ஏப்ரல் 10இல் கிளம்பியதும் இங்கிருந்துதான், அதன் ஊழியர்களில் மிகப் பலர் இந்த ஊர்க்காரர்கள். சீசிட்டி அருங்காட்சியகம் டைட்டானிக் கதையை அவர்கள் பக்கத்திலிருந்து சொல்கிறது. கப்பல் ஏறப்போகும் நாளில் அது வேண்டாம் என்று அம்மா சொன்னால் சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முனையத்தின் பெயரை ஓட்டுநருக்கு முன்னமே அனுப்பிவிடுங்கள். பயணிகள் முனையங்கள் ஐந்து இருக்கின்றன, கிழக்குத் துறைக்கும் மேற்குத் துறைக்கும் வாயில் வேறு வேறு.

மார்ச் 17, மாலை 6.00

முடிவெடுத்துவிட்டோம், திரும்பும் நாளில்தான் என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். மிக்க மகிழ்ச்சி. அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு: பேருந்தில் சக்கர நாற்காலியோடு ஏறலாம். கற்களைச் சுற்றும் வழியில் ஒரு பகுதி தார், ஒரு பகுதி புல். மழை பெய்திருந்தால் புல்லில் தள்ளுவது சிரமம், தார் போட்ட பகுதியிலிருந்தே கற்கள் நன்றாகத் தெரியும். மையத்தில் இறங்கியதும் கழிப்பறைக்குப் போய்விட்டுப் பேருந்து ஏறுங்கள். தொலைவில் இடி போல் சத்தம் கேட்டால் அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்தச் சமவெளி ராணுவப் பயிற்சி நிலம், பீரங்கிப் பயிற்சி நடக்கும்.

முந்தைய இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், பிறகு வண்ணச்சீட்டு வரிசைப்படி இறங்க வேண்டும். முதல் குழுக்களின் வண்ணத்தைக் கேட்டு வாங்குங்கள். 9.30 நுழைவுச்சீட்டு எடுக்காதீர்கள், 10.30 எடுங்கள். கப்பல் துறை சேர்வது தாமதமானாலும் அந்த ஒரு மணி நேரம் உங்களிடம் இருக்கும்.